பொன்னுருக்கும் பன்னிரண்டாவது ஆட்டமும்

அத்தியாயம் 14

யோகா அக்காவின் மகனுடைய கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். போன வாரம் நாம் பார்த்த தையல்கடைச் சண்டை தீரவில்லை. தைத்து வந்த ஆறு சட்டையில் நாலுக்கு அளவு பிழை. அதை யோகா அக்காவே பார்த்துக்கொள்ளட்டும், அவருக்குச் சண்டை போட ஆள் துணை தேவையில்லை. நாம் அவருடைய தங்கை சிவனேஸ்வரியின் வீட்டுக்குப் போவோம். மெல்பேர்ணின் மேற்கே பொயிண்ட் குக்கில், முற்றத்தில் இன்னும் புல் பிடிக்காத அந்தப் புது வீட்டில், 2005 ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை காலை, கல்யாணப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"வெண்டாலும் விழுவம்," என்றார் அவள் கணவர் மகேந்திரராஜா.

ட்ராம் ஓட்டுகிற மனிதர். பின்னேர ஷிஃப்ட் என்றால் காலையில் ஆறுதலாகப் பேப்பர் படிப்பார். இன்றைக்குப் பேப்பரை மூடி வைத்துவிட்டு, குசினி மேசையில் கால்குலேற்றரோடு குந்தியிருந்தார்.

"இன்னொருக்கா அடிச்சுப் பாருங்கோப்பா," என்றாள் சிவனேஸ்வரி.

"மூண்டு தரம் அடிச்சிட்டன். கால்குலேற்றர் களைச்சுப் போச்சு."

விஷயம் இதுதான். மகள் துஷ்யந்தி பல்கலைக்கழக மகளிர் ஹாக்கி அணியின் காப்டன், கோல் காப்பவளும் அவளே. பதினொரு ஆட்டத்தில் எட்டு வெற்றி. பட்டியலில் எட்டாம் இடம். எட்டு அணிகளுக்குத்தான் சிட்னியில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அழைப்பு. புதன்கிழமை கடைசி ஆட்டம், வெரிபீ தொழிற்கல்லூரியோடு. அந்தக் கல்லூரி இந்த வருடம் ஒரு ஆட்டத்திலும் வென்றதில்லை. வென்றுவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருடமென்றால் அப்படித்தான் நடந்திருக்கும். வென்றால் இரண்டு புள்ளி, சமமென்றால் ஒன்று, கூட்டினால் கணக்கு முடிந்தது.

ஏப்ரலில் போட்டிக் குழு அந்தக் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டது. இப்போது உன் வெற்றிக்கு மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கும், நீ யாரோடு விளையாடினாயோ அவர்கள் எத்தனை வென்றார்கள் என்பதைப் பொறுத்தது. பலமான அணியோடு தோற்றாலும் மரியாதை உண்டு. ஒன்றுமே வெல்லாத அணியோடு விளையாடினால், இருபது கோல் போட்டு வென்றாலும் சராசரி சரிந்துவிடும். துஷியின் அணி புதன்கிழமை வெரிபீயை வென்றால் ஒன்பதாம் இடத்துக்குப் போய்விடும்.

துஷி பயிற்சிப் பையைத் தோளில் போட்டபடி குசினி வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"கான்சல் பண்ணுங்கோ அம்மா. ரெண்டு டீமும் ஓம் எண்டால் பெனல்ற்றி இல்லை. இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள கொமிற்றிக்கு ஃபக்ஸ் போகவேணும்."

"அந்தப் பிள்ளையளும் ஆசையா இருந்திருக்குங்கள்."

"எங்கட டீமுக்கும் ஆசை இருக்கு. நாலு பேருக்கு இது கடைசி வருஷம். எனக்கும்தான்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சிவனேஸ்வரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஏன் அம்மா இந்த மட்ச்சைப் போட்டனீங்கள்? சீரியஸ்லி. சீசன் முடியிற நேரத்தில வெரிபீயோட?"

சிவனேஸ்வரி குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினாள்.

போட்டது அவள்தான். பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்தில் ஆட்ட அட்டவணை போடுகிற வேலை அவளுடையது. மகளுக்கு அது தெரியும். ஆனால் ஏன் போட்டாள் என்பது தெரியாது. கணவருக்கும் தெரியாது. இப்போதைக்கு உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.

ஜனவரியில் யோகா அக்கா சாத்திரியாரிடம் நாள் கேட்டு வந்தார். ஆவணியில் கல்யாணம், அதற்கு முந்திய ஒரு நல்ல சனிக்கிழமையில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தக் காலையில், ஆசாரி உருக்கிய பொன்னைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டும்போது மாப்பிள்ளையின் சகோதரி பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த சகோதரி இல்லை. சித்தியின் மகள் துஷிதான் தங்கச்சி, கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற தோழியும் அவள்தான். அன்று மாலையே சிவனேஸ்வரி அலுவலகக் கணினியில் அட்டவணையைத் திறந்து பார்த்தாள். பொன்னுருக்கு நாள் ஆகஸ்ட் இருபது, சனிக்கிழமை. பட்டியலில் முதலாவதாக இருக்கும் சிட்னி அணி மெல்பேர்ணுக்கு வந்து ஆடுகிற நாள்.

அக்காவிடம் போய், பிள்ளைக்கு ஆட்டம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிவனேஸ்வரி கைக்குழந்தையாக இருந்த துஷியோடு இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, தன் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் ஹோலில் பாய் போட்டுப் படுத்தவர் அந்த அக்கா. சிவனேஸ்வரிக்கு நாக்கு எழவில்லை. சிட்னி ஆட்டத்தை எடுத்துவிட்டாள். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'மைதானப் பராமரிப்பு' என்று எழுதினாள். அந்த வாரம்தான் வெரிபீயிலிருந்து யாரோ ஒரு மாஸ்டர், தங்களோடு விளையாட ஒருவரும் நாள் தருகிறார்களில்லை என்று கடிதம் போட்டிருந்தார். அவருக்கு ஒரு புதன்கிழமையைக் கொடுத்தாள். வெற்றி வெற்றிதானே என்று நினைத்தாள். புண்ணியமும் சேர்ந்தது என்று கொஞ்சம் பெருமையும் பட்டாள்.

ஏப்ரலில் சூத்திரம் மாறியபோது அந்தப் பெருமை போய்விட்டது.

"நான் போய்க் கதைக்கிறன்," என்றாள், கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு. "ஃபோனில சொன்னால் சரியில்லை. நேர போட்டு வாறன்."

*

வெரிபீ கல்லூரி மைதானத்தை அவள் ஐந்து வருடமாகக் காரில் கடந்து போயிருக்கிறாள், ஒரு தடவை கூட நிறுத்தியதில்லை. செயற்கைப் புல் கிடையாது. மழையில் நனைந்த உண்மையான புல், ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. காற்று கடல் பக்கமிருந்து வந்து, வழியில் கழிவுநீர்ப் பண்ணையையும் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஐந்தாறு பெண்கள் கோடு போடும் சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கோடு நேராக வரவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பத் தள்ளினார்கள்.

கடிதம் போட்ட சவரிமுத்து மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து எண்பதுகளில் படிக்க வந்தவர், இப்போது இங்கே மின்சாரப் பாடம் எடுக்கிறார். தலைமுடி நரைத்துவிட்டாலும் ஹாக்கி மட்டையைக் கையிலிருந்து கீழே வைக்கிற பழக்கம் இல்லை.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. சாப்ட்டாச்சா?"

"ஓம் மாஸ்டர். நான் ஒரு விஷயமா வந்தனான்."

"தெரியும். கான்சல் பண்ணத்தானே?"

சிவனேஸ்வரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நாலு வசனமும் தேவையில்லாமல் போய்விட்டன.

"நானும் கணக்கு வாத்தியார் மாதிரிதான், அந்த ஃபார்முலாவைப் போட்டுப் பாத்தேன்," என்றார் அவர். "எங்களோட ஆடினா ஜெயிச்சாலும் நட்டம். இந்த வருஷம் ரெண்டு டீம் ஏற்கெனவே கான்சல் பண்ணிட்டாங்க. அவங்க மேல கோவம் இல்ல. அவங்க பிள்ளைங்களை அவங்க பாக்கணும்ல."

"உங்களுக்கு எத்தினை மட்ச் முடிஞ்சுது?"

"ஒம்பது. பத்து ஆடலன்னா அடுத்த வருஷம் லீக்ல இடம் இல்ல. உங்களோடதுதான் பத்தாவது." சொல்லிவிட்டு உடனே கையை அசைத்தார். "அதுக்காகச் சொல்லல சிஸ்டர். நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

கோடு போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடி வந்தாள். தாதியர் படிப்புச் சீருடை, கீழே சேறு படிந்த சப்பாத்து. "எங்களுக்கு நாள் தந்த லேடி நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "மாஸ்டர் சொன்னார். தாங்க் யூ." அவ்வளவுதான். திரும்ப ஓடிப் போய்விட்டாள்.

சிவனேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. பொய்யை மறைக்கக் கொடுத்த நாளுக்கு நன்றி வாங்குவது லேசான காரியமில்லை.

"மட்ச் எங்கட யூனிவர்சிற்றி கிரவுண்டிலதானே? பிறகேன் இஞ்ச கோடு போடுகினம்?" என்று பேச்சை மாற்றினாள்.

"ப்ராக்டிஸுக்குத்தான். ஒம்பது மேட்ச், ஒம்பது தடவை பஸ். இங்க ஒருத்தரும் வந்ததில்ல லா. இந்தப் புல்லைப் பாத்தா யார் வருவாங்க? இதுங்க அப்பா அம்மா யாரும் இன்னும் ஒரு கேம் கூடப் பாத்ததில்ல. வேலை விட்டு அவ்வளவு தூரம் வர முடியாது."

ஒருத்தரும் வந்ததில்லை. அந்தச் சொல் சிவனேஸ்வரியின் காதில் எதையோ தட்டியது. ஏப்ரலில் வந்த சுற்றறிக்கையை அவள்தான் இருபது பிரதி எடுத்துப் பின் அடித்தாள். மூன்று பக்கம். முதல் இரண்டில் சூத்திரம். மூன்றாவது பக்கத்தில் பயணம் போகும் அணிகளுக்கு என்று ஒரு தலைப்பு இருந்தது. பஸ் கட்டண விவகாரமாக்கும் என்று வாசிக்காமலே விட்டிருந்தாள். அவள் மட்டுமா, அலுவலகத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை.

கைப்பையைக் கிளறினாள். கல்யாணச் சாமான் பட்டியல், அளவு பிழைத்த சட்டைக்கான துண்டுச்சீட்டு, கடைசியில் மடித்த சுற்றறிக்கை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. மாஸ்டர் மட்டையின் நுனியால் ஒரு மூலையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எதிரணியின் மைதானத்துக்குப் போய் ஆடி வென்ற ஆட்டம், வென்ற அணியின் சராசரியைக் குறைக்குமானால், அந்த ஆட்டம் வென்றவர்களின் கணக்கில் சேராது. ஆடிய ஆட்டமாக மட்டும் இரு பக்கமும் பதிவாகும்.

இரண்டு முறை வாசித்தாள். மாஸ்டரையும் வாசிக்கச் சொன்னாள். சின்ன அணிகளிடம் ஒருவரும் போகாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்த யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும்.

"அப்ப நாங்கள் இஞ்ச வந்து விளையாடினால்," என்று தொடங்கினாள்.

"வந்து ஜெயிச்சா, உங்களுக்கு நட்டம் இல்ல. எங்களுக்குப் பத்து மேட்ச் ஆச்சு," என்று முடித்தார் மாஸ்டர். பிறகு மைதானத்தைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சிஸ்டர். இதுங்க சும்மா தோத்துக் குடுக்காதுங்க. இந்தப் புல்லு இதுங்களுக்குத்தான் பழக்கம்."

"குடுக்க வேண்டாம்," என்றாள் சிவனேஸ்வரி. "அஞ்சு மணிக்குள்ள ஃபோர்ம் போகவேணும். உங்கட காப்டனைக் கூப்பிடுங்கோ, கையெழுத்து வேணும்."

சீருடைப் பெண்தான் காப்டன். கையெழுத்துப் போடும்போது கையில் இருந்த சுண்ணாம்பு படிவத்தின் ஓரத்தில் ஒட்டியது.

*

நாலேகாலுக்கு அலுவலகம் திரும்பினாள். பயிற்சியாளரிடம் காரில் ஏறுமுன்னே பேசியாயிற்று. காப்டன் சம்மதித்தால் தனக்கும் சம்மதம் என்றுவிட்டார். துஷி ஈரத் தலையோடு வந்து மேசைக்கு எதிரே இருந்தாள். மூன்றாம் பக்கத்தை வாசிக்க வாசிக்க அவள் முகம் தெளிந்து வந்தது. சிவனேஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் இடம் மாற்றுகிற படிவத்தோடு அந்த ஆட்டத்தின் பழைய தாள்களும் சேர்ந்து போக வேண்டும். சிட்னி ஆட்டத்தை எடுத்த ஜனவரித் தாளும் அதில் இருந்தது. அதை உருவி எடுத்துவிடலாம் என்று வழியில் ஒரு தரம் நினைத்தாள். எடுக்கவில்லை.

துஷி பேனாவை எடுத்தவள், அடுத்த தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இது என்ன? ஆகஸ்ட் இருபது, மைதானப் பராமரிப்பு. அண்டைக்கு எங்கட கிரவுண்டில ஆம்பிளைப் பெடியளின்ர டீம் விளையாடினது. பின்னேரம் நானே கண்டனான்."

சிவனேஸ்வரி மேசையில் கிடந்த மற்றத் தாள்களை அடுக்கினாள்.

"ஆகஸ்ட் இருபது பொன்னுருக்கு," என்றாள் துஷி.

"ஓம்."

"சிட்னி டீம் எங்களிட்ட வர இருந்தவை. நீங்கள் மாத்தினீங்கள்."

"ஓம். நான்தான்."

வெளியே யாரோ பந்து அடிக்கிற சத்தம் கேட்டது. துஷி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவையோட தோத்திருந்தாலும் இண்டைக்கு நாங்கள் ஏழாவது. அப்பா காலமை கணக்குப் பாத்தவர், அது தெரியுமோ உங்களுக்கு? இப்பிடி ஒரு மட்ச் இருந்திருந்தால் எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்தவர். நீங்கள் பக்கத்தில நிண்டு கோப்பை கழுவினீங்கள்."

"தெரியும்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"மட்ச் விளையாடியிருப்பன்."

"அதாலதான் கேக்கேல்லை," என்றாள் சிவனேஸ்வரி.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று அவளுக்கே உறைத்தது. இருபது வருடம் அலுவலகத்திலும் வீட்டிலும் எல்லோருடைய நாளையும் அவள்தான் ஒழுங்கு செய்தாள். யார் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு. மற்றவர்களைக் கேட்டால் தாமதம், கேட்காவிட்டால் காரியம் சுளுவாக முடிந்துவிடும். அந்தச் சுளுவுதான் இன்றைக்கு மகளின் முன்னால் தாளாகக் கிடந்தது.

"அண்டைக்கு எனக்கு உன்ர ஆட்டம் பெரிசாத் தெரியேல்லை துஷி. அக்காவின்ர மனம்தான் பெரிசாத் தெரிஞ்சுது. பிழை என்னிலதான். நீ ஏசு, நான் கேக்கிறன்."

துஷி ஏசவில்லை. கண் கலங்கியிருந்தது. அதைத் துவாயால் தலை துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டாள். சுவர் மணிக்கூட்டில் நாலு நாற்பது.

"தோத்தால் இந்த ரூல் ஹெல்ப் பண்ணாது. முழுசா விழுவம்," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"கிரவுண்ட் எப்பிடி?"

"உண்மையான புல்லு. நனைஞ்சு கிடக்கு. ஒரு பக்கம் சரிவு."

"எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்."

"காத்து?"

"அதுவும் கடல் பக்கமிருந்துதான். மணமும் இருக்கு."

துஷி சிரிக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "அப்ப ஃபர்ஸ்ட் ஹாஃப் மேட்டுப் பக்கம் எடுக்கவேணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஜனவரித் தாளை எடுத்து, 'மைதானப் பராமரிப்பு' என்று இருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, தாயின் பக்கம் தள்ளினாள்.

"உண்மையை எழுதுங்கோ."

சிவனேஸ்வரி பேனாவை வாங்கினாள். குடும்பச் சடங்கு, மாற்றியது நான், காப்டனுக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். வேலைக்கு என்ன வருமோ என்ற பயம் ஒரு கணம் வந்தது. வந்தால் வரட்டும் என்றும் இருந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ஃபக்ஸ் போனது.

இருவரும் எழும்பவில்லை. அலுவலக அலுமாரியில் இருந்த பிஸ்கற் பெட்டியைத் துஷி திறந்தாள். கீறல் விழுந்த கோப்பையில் தாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கால் பாதுகாப்புப் பட்டையின் வாரை மாற்ற வேண்டும் என்று பேசினார்கள். புதன்கிழமை அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவார் என்று பேசினார்கள். வெகு நாளைக்குப் பிறகு அந்த அறையில் தாயும் மகளும் அட்டவணை இல்லாமல் இருந்தார்கள்.

ஐந்தேகாலுக்கு இயந்திரம் கிறீச்சிட்டது. துஷி ஓடிப் போய்த் தாளைக் கிழித்தெடுத்தாள்.

"ஓகேயாம் அம்மா. புதன்கிழமை ரெண்டு மணி, வெரிபீ." அவள் குரல் துள்ளியது. ஜனவரித் தாளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. "இன்னொரு பேஜும் இருக்கு."

இரண்டாவது பக்கத்தை வாசித்தவள் பேசாமல் அதைத் தாயிடம் நீட்டினாள்.

சிட்னி இறுதிப் போட்டியின் திகதி மாற்றம். செப்டெம்பர் பதினேழில் தொடங்க இருந்தது ஒரு வாரம் முன்னுக்கு வருகிறது. முதல் நாள் செப்டெம்பர் பத்து, சனிக்கிழமை, காலை பத்து மணி. காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல் இருந்தது. மைதானப் பராமரிப்பு.

செப்டெம்பர் பத்து, காலை பத்தே முக்கால், யோகா அக்காவின் மகனுக்கு முகூர்த்தம். அதைத் தள்ளிப் போட வழியில்லை, அடுத்த வாரம் புரட்டாசி பிறந்துவிடும். மாப்பிள்ளைக்குத் தோழி ஒருத்திதான், அவளும் இந்தக் கதிரையில் பிஸ்கற்றோடு இருக்கிறாள்.

சிவனேஸ்வரியின் கை பழக்கத்தில் கணினியின் பக்கம் போனது. எந்த அணியை எந்த மணிக்கு நகர்த்தலாம், யாரிடம் என்ன சொல்லலாம் என்று மூளை அதுபாட்டுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த முறை உன்னட்டைக் கேக்கிறன் துஷி," என்றாள். "என்ன செய்யப் போறாய்?"

"முதல் புதன்கிழமை வெல்லவேணும்."

"வெண்டால்?"

துஷி பிஸ்கற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபம் முழுதாகப் போய்விட்ட முகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவள் தன் கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம், தாயின் அருகே வந்து இருந்தாள். தொலைபேசியை எடுத்து, பார்க்காமலே எண்களை அழுத்தினாள். நாலாவது முறை மணி அடித்தபோது மறுமுனையில் யோகா அக்காவின் குரல் கேட்டது. பின்னால் தையல் இயந்திரத்தின் சத்தம்.

"பெரியம்மா, நான் துஷி கதைக்கிறன்," என்றாள். மற்றக் கை தாயின் கையைத் தேடிப் பிடித்தது. "அம்மா பக்கத்தில இருக்கிறா. உங்களிட்ட நான் ஒரு விஷயம் கேக்கவேணும். முடிவெடுக்க முதல் கேக்கிறன்."